மாமாவின் குடமும் அறுநூறு ரூபாய் ஹெட்செட்டும்

என் மாமா வில்லுப்பாட்டில் குடம் அடிப்பவர். தக்கலை பக்கத்தில் எங்கள் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் கோவில் கொடைத் திருவிழா என்றால் பெரும்பாலும் அவர் இருக்கிற குழுதான் வரும். முப்பது வருடங்களுக்கு மேலாக அடிக்கிறார். சின்ன வயதில் கொடை ராத்திரிகளில் அவர் முதுகுக்குப் பின்னால் பாயை விரித்து, கதை பாதியில் இருக்கும்போதே தூங்கிப் போனவன் நான், அதனால் அந்தக் குடத்தின் சத்தம் எனக்கு வீட்டு ஆட்களின் குரல் மாதிரி பழக்கம். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், விலை குறைந்த இயர்போன் எது என் கையில் கிடைத்தாலும், அது நல்லதா இல்லையா என்று நான் முடிவு செய்வது அந்தக் குடத்தை வைத்துத்தான்.

நான்கு வருடம் முன்பு, பங்குனிக் கொடைக்கு முந்தின வாரம் மாமா வீட்டு முற்றத்தில் ஒத்திகை நடந்தது. நண்பன் ஒருவனிடம் இரண்டு மைக் வைத்த கையடக்க ரிக்கார்டர் இருந்தது. அதை இரவல் வாங்கி, பாடுகிறவர்களிடமிருந்து ஏழெட்டு அடி தள்ளி ஒரு முக்காலியில் வைத்துப் பதிவு செய்தேன். கொடையன்றே பதிவு செய்திருக்கலாமே என்று கேட்கலாம். கொடையில் எல்லாமே மைக் வழியாகப் போய்க் குழாய் ஸ்பீக்கரில்தான் வெளியே வரும். குழாய்க்கு அடிச்சத்தம் தர வராது, குடத்தின் மேல்பக்கத்து 'டக்' மட்டும் ஊரெல்லாம் கேட்கும், வயிற்றிலிருந்து வருகிற 'தொம்' பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் தெரியும். ஒத்திகையில் மைக்கும் இல்லை, குழாயும் இல்லை. 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், சுருக்காத வேவ் கோப்பு. ஒரு மணி நேரத்துக்கு மேல் வந்தது, அதிலிருந்து நான்கு நிமிடம் இருபது நொடி உள்ள ஒரு துண்டை வெட்டித் தனியாக வைத்திருக்கிறேன்.

அந்தத் துண்டுக்குள் எல்லாம் இருக்கிறது. நடுவில் கொஞ்சம் இடப்பக்கமாகக் குடம், பத்தி என்கிற மட்டையால் அதன் வாயில் அடிக்கும்போது வருகிற தாழ்ந்த சத்தம். நட்டநடுவில், பாட்டை முன்நின்று பாடுகிற அண்ணாவியின் குரல். அவர் வீசுகோலால் நாணில் அடிக்க அடிக்க வில்லில் தொங்குகிற மணிகள் குலுங்குவது. இடப்பக்கக் கோடியில் உடுக்கு, கயிற்றை அமுக்கி விடும்போது சத்தம் வளைந்து மேலே போய் இறங்கும். வலப்பக்கம் ஜால்ராவும் கட்டையும். இரண்டாவது நிமிடத்தில் மாமா மெல்லத் தொண்டையைச் செருமுவார். கொஞ்சம் கழித்து உள்ளே அடுக்களையில் அத்தை பாத்திரத்தை வைக்கிற சத்தம். தாழ்ந்த ஒலி, மனிதக் குரல், கீச்சென்ற உலோக ஒலி, இடம் வலம், தூரம் பக்கம், ஒரு ஹெட்செட்டைச் சோதிக்க வேறென்ன வேண்டும்? எல்லாவற்றையும்விட முக்கியம், நான் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தேன். அது எப்படிக் கேட்டது என்று எனக்கு நேராகத் தெரியும். சினிமாப் பாட்டை வைத்துச் சோதித்தால், அந்தப் பாட்டு ஸ்டூடியோவில் எப்படிக் கேட்டது என்பது நமக்குத் தெரியவே தெரியாது. எந்த ஹெட்செட்டில் முதலில் கேட்டோமோ அதுதான் சரி என்று மனது பிடித்துக்கொள்ளும்.

உங்கள் வீட்டில் குடம் அடிக்கிற மாமா இருக்க வேண்டியதில்லை. தினம் கேட்கிற குரல் ஒன்று போதும். அம்மாவோ பாட்டியோ அமைதியான அறையில் ஐந்து நிமிடம் பேசுவதை நல்ல மைக்கில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் நூறு பாட்டு போட்டுக் காட்டுவதைவிட அது உண்மையைச் சொல்லும்.

கடை என்றதும் அந்த அறுநூறு ரூபாய் ஹெட்செட் நினைவுக்கு வருகிறது. நாகர்கோவிலில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடை ஒன்றில் வாங்கினேன். கடைக்காரர் அங்கேயே பிரித்துப் போட்டுக் காட்டினார். வெளியே பேருந்துகள் நின்று உறுமிக்கொண்டிருந்தன, ஆனாலும் பாட்டில் அடி அப்படியே மண்டைக்குள் இறங்கியது, உடனே வாங்கிவிட்டேன். தக்கலை வரும் வரைக்கும் பேருந்தில் அதே பாட்டுகள், அவ்வளவு திருப்தி. ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு என் நான்கு நிமிடத் துண்டைப் போட்டேன். குடம் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு பெரிய பீப்பாய் உருண்டுகொண்டிருந்தது. அண்ணாவியின் குரல் கதவுக்கு அந்தப்பக்கம் போய்விட்டது. பாத்திரச் சத்தத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

அதே கருவிதான். பேருந்தில் நல்லதாகக் கேட்டது வீட்டில் ஏன் இப்படி ஆனது? காரணம் எளிது. என்ஜின் உறுமல் தாழ்ந்த ஒலி, அது பாட்டில் இருக்கிற தாழ்ந்த ஒலியை மூடிவிடும். அதனால் சாலையோரத்திலும் பேருந்திலும், பேஸைத் தேவைக்கு மேல் ஏற்றி வைத்த ஹெட்செட் சரியான அளவில் கேட்பது போலத் தோன்றும், அளவாக வைத்தது ஒல்லியாகத் தெரியும். வாங்குகிற இடம் ஒன்று, கேட்கப்போகிற இடம் வேறு. தினமும் மார்த்தாண்டத்துக்கும் நாகர்கோவிலுக்கும் இடையில் பேருந்தில் மட்டும்தான் கேட்பீர்கள் என்றால் அந்த அறுநூறு ரூபாய் ஹெட்செட் உங்களுக்குக் கெட்டதில்லை, நான் அதை மனதாரச் சொல்கிறேன். ஆனால் அதை வைத்து ஒலித்தரத்தை எடை போட முடியாது. எடை போட வேண்டுமென்றால் ராத்திரி, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு உட்கார வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் ஊரில் சாரல் பிடித்துவிட்டால் தகரக் கூரை இரைச்சல் விடிய விடிய ஓயாது, அந்த நாட்களில் நான் எந்த முடிவும் எடுப்பதில்லை.

இனி சொல்லப்போவது இந்தக் கட்டுரையிலேயே பெரிய விஷயம், பொறுமையாகப் படியுங்கள்: காதில் அது எப்படி உட்காருகிறது என்பது. மூன்று வருடம் முன்பு தொள்ளாயிரம் ரூபாய்க்கு ஒரு ஹெட்செட் ஆன்லைனில் வாங்கினேன். போட்டதும் பேஸே இல்லை, ஜால்ராதான் முன்னால் வந்து நின்றது, குடம் டப்பா மாதிரி தட்டியது. இரண்டு நாள் பார்த்துவிட்டு அண்ணன் மகளிடம் கொடுத்துவிட்டேன். ஆறு மாதம் கழித்து ஒரு விசேஷத்துக்கு அண்ணன் வீட்டுக்குப் போனபோது சும்மா எடுத்துக் காதில் வைத்தேன், அவள் பெரிய ரப்பரை மாட்டியிருந்தாள். குடம் வந்துவிட்டது. அதே கருவி, அதே நான், பெட்டியோடு வந்த மூன்று ஜோடி ரப்பர்களில் நடு அளவுக்குப் பதில் பெரியது, அவ்வளவுதான் வித்தியாசம்.

காதுத் துளைக்கும் ரப்பருக்கும் இடையில் ஒரு சின்ன இடுக்கு இருந்தால் போதும், தாழ்ந்த ஒலி அந்த வழியாக வெளியே போய்விடும், கீச்சொலி மட்டும் மிஞ்சும். நிறையப் பேர் 'இந்த மாடலில் பேஸ் இல்லை', 'இது ரொம்பக் குத்துது' என்று சொல்வது பாதிக்கு மேல் இந்த இடுக்கினால்தான் என்று நான் நினைக்கிறேன். சோதிப்பது எப்படி? யூடியூபில் 50 ஹெர்ட்ஸ் ஒலி என்று தேடினால் கிடைக்கும். அதை மெதுவான சத்தத்தில் போட்டுவிட்டு, ஹெட்செட்டை விரலால் லேசாக உள்ளே அமுக்கிப் பாருங்கள். அமுக்கினால் மட்டும் சத்தம் கூடினால், ரப்பர் சரியாக அடைக்கவில்லை. அடுத்த அளவை மாட்டுங்கள். இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. எனக்கு இடது காதுக்குப் பெரியதும் வலது காதுக்கு நடுத்தரமும் வேண்டும். செருகும்போது எதிர்க்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காது மடலை மேலேயும் பின்னேயும் கொஞ்சம் இழுத்தால் துளை நேராகும், அப்போது நுழைத்துவிட்டு மடலை விட வேண்டும்.

நாம் ரப்பர், ரப்பர் என்று சொல்கிறோமே ஒழிய அது சிலிக்கோன். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் கையில் தொட்டாலே தெரியும். நம் ஊர்ப் புழுக்கத்தில் காது வியர்த்தால் சிலிக்கோன் வழுக்கி மெல்ல மெல்ல வெளியே வரும், பாட்டு பாதியில் பேஸ் குறைவது அதனால்தான், அவ்வப்போது துடைத்துவிட்டுப் போட வேண்டும். ஸ்பாஞ்ச் மாதிரி நுரை டிப்களும் உண்டு, அவை நன்றாக அடைக்கும், கீச்சொலியையும் கொஞ்சம் குறைக்கும், ஆனால் வியர்வையைக் குடித்து சில மாதங்களில் பிய்ந்துபோகும். ஹெட்செட் பிடிக்கவில்லை என்று இன்னொன்று வாங்குவதற்கு முன்னால் நூறு இருநூறு ரூபாய்க்கு வேறு டிப் வாங்கிப் பாருங்கள். நான் இதை எல்லோரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன்.

அடுத்தது சத்தத்தின் அளவு. இரண்டு ஹெட்செட்டை ஒப்பிடும்போது எது கொஞ்சம் கூடுதல் சத்தமாகக் கேட்கிறதோ அதுதான் நன்றாக இருப்பதாக மனதுக்குப் படும். 'சத்தம் கூடுதல்' என்று தோன்றாது, 'தெளிவு கூடுதல்' என்றுதான் தோன்றும், ஏமாற்றமே அங்குதான். ஒரே போனில் ஒரே வால்யூமில் வைத்தால் போதாது, ஏனென்றால் ஒன்றின் மின்தடை 16 ஓம் இருக்கும், இன்னொன்றுக்கு 32 ஓம் இருக்கும், எவ்வளவு மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பதும் கருவிக்குக் கருவி மாறும். பெட்டியில் போட்டிருக்கிற டெசிபெல் எண்ணையும் நேராக ஒப்பிட முடியாது, சில கம்பெனிகள் ஒரு மில்லிவாட்டுக்கு என்று போடும், சில ஒரு வோல்ட்டுக்கு என்று போடும்.

சத்தத்தை ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதற்கு ஒரு பழைய காரணமும் இருக்கிறது. 1933-ல் அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் ஃபிளெச்சர், மன்சன் என்ற இருவர், மனிதக் காது எந்தெந்தச் சுருதியை எவ்வளவு சத்தமாக உணர்கிறது என்று அளந்து வரைபடம் போட்டார்கள். மொத்தச் சத்தம் குறையும்போது தாழ்ந்த ஒலிகள் மற்றவற்றைவிட வேகமாகக் காதிலிருந்து மறையும் என்பது அதில் தெரிந்தது. ஒத்திகை முற்றத்தில் உட்கார்ந்தபோது கேட்ட குடமும், அதே பதிவைக் கிசுகிசு சத்தத்தில் போட்டால் கேட்கிற குடமும் ஒன்றாக இருக்காது, அது ஹெட்செட்டின் குற்றமே இல்லை. அதனால் நான் ஒவ்வொரு தடவையும் முதலில் அண்ணாவியின் குரலை வைத்து அளவு பிடிப்பேன். எதிரே ஏழெட்டு அடியில் ஒருவர் உட்கார்ந்து பாடினால் எவ்வளவு சத்தமாக இருக்குமோ அதற்குக் கொண்டுவந்து நிறுத்துவேன். பிறகு இன்னொரு ஹெட்செட்டை மாட்டி அதே குரலை அதே அளவுக்குக் கொண்டுவந்த பின்தான் மற்றதெல்லாம் கேட்பேன். முதலில் அ, பிறகு ஆ என்று கேட்டால், அடுத்த நாள் ஆ, பிறகு அ என்று மாற்றிக் கேட்பேன். போனில் இருக்கிற ஈக்வலைசர், பேஸ் பூஸ்ட் மாதிரி எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும், சில போன்களில் அது நமக்குத் தெரியாமலே ஓடிக்கொண்டிருக்கும்.

சரி, இப்படி எல்லாம் சரிசெய்து உட்கார்ந்த பிறகு எதைக் கேட்பது?

குடத்தில் நான் கேட்பது சத்தம் எவ்வளவு பெரியது என்பதை அல்ல, எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பதை. பத்தி விழுந்ததும் 'தொம்' வந்து, உடனே நின்று, அடுத்த அடிக்கு இடம் விட வேண்டும். கதை வேகம் பிடிக்கும்போது மாமா அடுக்கடுக்காக அடிப்பார், நல்ல ஹெட்செட்டில் ஒவ்வொரு அடியையும் தனித்தனியாக எண்ணலாம். மோசமானதில் எல்லாம் கூழாகி ஒரே உறுமலாக வரும்.

குரல்தான் கடினமான பரீட்சை. நம் காதுத் துளை கிட்டத்தட்ட இரண்டரை சென்டிமீட்டர் நீளம், ஒரு பக்கம் செவிப்பறை மூடியிருக்கிற குழல் அது, அதனால் 3 கிலோஹெர்ட்ஸைச் சுற்றியுள்ள ஒலியை அது தானாகவே தூக்கிக் கொடுக்கும். பிறந்ததிலிருந்து எல்லாக் குரலையும் அந்தத் தூக்கலோடுதான் கேட்டு வருகிறோம். ஹெட்செட்டைச் செருகித் துளையை அடைத்ததும் அந்த இயல்பான தூக்கல் கெட்டுவிடும், ஆகவே செய்கிறவர்கள் அந்த இடத்தில் ஒலியைத் தாங்களே ஏற்றித் தர வேண்டும். விலை மலிவானதில் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். ஏற்றாமல் விட்டால் பாடுகிறவர் குடத்துக்குள் தலையை விட்டுப் பாடுவது போல இருக்கும், அளவுக்கு மீறி ஏற்றினால் முகத்துக்கு நேரே நின்று கத்துவது போல இருக்கும். இரண்டாவதைக் கண்டுபிடிக்க நாதஸ்வரம் போட்டுக் கேளுங்கள். கல்யாண மண்டபத்தில் பக்கத்தில் நின்று கேட்டாலும் நாதஸ்வரம் காதை நிறைக்கும், வலிக்காது. ஹெட்செட்டில் பத்து நிமிடத்தில் கழற்றிவிடலாமா என்று தோன்றினால் அந்த இடத்தில் ஏதோ கூடிப்போயிருக்கிறது.

அதற்கும் மேலே, 6 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம், 'ச', 'ஸ' எழுத்துகள் சீறுகிற இடம். என் துண்டில் சாஸ்தாவை வாழ்த்திப் பாடுகிற வரி ஒன்று உண்டு, அதில் 'ஸ்' வருகிற இடங்களை மட்டும் கேட்டாலே பாதி ஹெட்செட்டுகள் கழிந்துவிடும். ஆனால் ஒரு எச்சரிக்கை, இந்தப் பகுதி ஹெட்செட்டை எவ்வளவு ஆழமாகச் செருகியிருக்கிறோம் என்பதைப் பொறுத்தும் மாறும், ஒரு மில்லிமீட்டர் உள்ளே போனால் சீறல் குறைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

மாமா செருமுவதும் அத்தை பாத்திரம் வைப்பதும் தெளிவாகக் கேட்டால் 'டீடெயில்' நன்றாக இருக்கிறது என்று முன்பெல்லாம் மகிழ்ந்துபோவேன். இப்போது கொஞ்சம் நிதானித்துக் கேட்கிறேன். கீச்சொலியைத் தூக்கிவிட்டால் பாத்திரச் சத்தம் எதிலும் துள்ளிக்கொண்டு வரும். அது அடுக்களையில், சுவருக்கு அந்தப்பக்கம் கேட்கிறதா, முற்றத்தில் என் காதோரம் கேட்கிறதா? சுவருக்கு அந்தப்பக்கம் கேட்க வேண்டும். அங்கேதான் வைத்தார்கள்.

இடம் வலம் சமமாக இருக்கிறதா என்பதற்கு அண்ணாவி நட்டநடுவில் நிற்கிறாரா என்று பார்ப்பேன். ஒரு பக்கம் சாய்ந்தால் ஹெட்செட்டைக் காது மாற்றி மாட்டிப் பாருங்கள். சாய்வு மறுபக்கம் போனால் குற்றம் கருவியில், அதே பக்கம் நின்றால் குற்றம் காதில் அல்லது ரப்பரில். எனக்கு ஒரு தடவை இடது பக்கம் குறைவாகவே இருந்தது, மாற்றி மாட்டியும் அப்படியே. டாக்டரிடம் போனால் காதில் அழுக்கு அடைத்திருந்தது, சுத்தம் செய்ததும் சரியாகிவிட்டது. பழைய ஹெட்செட்டில் ஒரு பக்கம் சத்தம் குறைந்தால் முனையில் இருக்கிற வலையில் அழுக்கு படிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் காட்டிப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போடுங்கள்.

இதையெல்லாம் நான் ஒருவனே கேட்டுச் சொன்னால் போதுமா என்று எனக்கே சந்தேகம். காசு கொடுத்து வாங்கியவனுக்குக் காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு மாதிரிதான். ஆகவே போன ஓணத்து விடுமுறையில் மாமாவையும் அண்ணன் மகளையும் உட்கார வைத்து ஒரு சோதனை நடத்தினேன். அறுநூறு ரூபாய், தொள்ளாயிரம் ரூபாய், இரண்டாயிரத்து நானூறு ரூபாய் என்று மூன்று ஹெட்செட். விலையைச் சொல்லவில்லை, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன், அவரவர் காதுக்கு ஏற்ற ரப்பரை மாட்டினேன், குரலை ஒரே அளவுக்கு நானே கொண்டுவந்தேன்.

மாமாவுக்கு முதலில் அறுநூறு. அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"பத்தி விழுந்தா தொம்முன்னு வந்து நிக்கணும் மக்ளே. இது இழுத்துட்டே போவுது. எவனோ பீப்பாய அடிக்கான்."

"அடுத்தத கேட்டுப் பாருங்க மாமா."

அடுத்தது இரண்டாயிரத்து நானூறு. முழுசாகக் கேட்டார். "குடம் சரிதான். கொஞ்சம் மெலிஞ்சு போச்சு." கடைசியாகத் தொள்ளாயிரம். அதைப் போட்டதும் அவருடைய வலது கை தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டது, அதுவரை இரண்டுக்கும் அந்தக் கை அசையவில்லை. அவர் வாயைத் திறக்கும் முன்பே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஆனால் மணிகளையும் ஜால்ராவையும் பற்றிக் கேட்டால் மூன்றும் ஒன்று போலத்தான் இருக்கிறது என்றார். அவருக்கு அறுபத்து மூன்று வயது. வயது ஏற ஏறக் காதில் முதலில் குறைவது கீச்சொலிகள்தான். அது இயற்கை. அந்த இடத்துக்குப் பதினொன்றாம் வகுப்பு படிக்கிற அண்ணன் மகளின் காது வேண்டியிருந்தது. இரண்டாயிரத்து நானூறைப் போட்டதும் முகத்தைச் சுளித்தாள். "சித்தப்பா, சாஸ்தான்னு பாடும்போதெல்லாம் ஊசி குத்துற மாதிரி இருக்கு." எனக்கு அது லேசாகத்தான் தெரிந்தது, மாமாவுக்குத் தெரியவே இல்லை. பிறகு அவளுடைய பாட்டுகளைப் போட்டுக் கேட்டுவிட்டு, அவளுக்கு அறுநூறுதான் பிடித்திருக்கிறது என்றும் சொன்னாள். குத்துப்பாட்டுக்கு அது நன்றாகத்தான் இருக்கும், அவளோடு நான் வாதாடவில்லை. ஒன்று மட்டும் தெரிந்துகொண்டேன், யாராவது ஒரு ஹெட்செட்டைப் பாராட்டினால் அவருடைய வயது என்ன, என்ன பாட்டுக் கேட்கிறார் என்று கேட்காமல் அந்தப் பாராட்டை எடுத்துக்கொள்ளக் கூடாது. என் பாராட்டையும் சேர்த்துத்தான். எனக்கு முப்பத்தெட்டு, 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் கேட்பதில்லை.

விலை கூடினால் ஒலி கூடுமா என்று கேட்பவர்களுக்கு என் வீட்டு முற்றத்துச் சோதனை மட்டும் போதாது என்றால் இன்னொன்று இருக்கிறது. 2017-ல் யெரூன் ப்ரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை எடுத்து, ஒலி எந்தச் சுருதியில் எவ்வளவு வருகிறது என்பதையும் விலையையும் ஒப்பிட்டு, இரண்டுக்கும் தொடர்பு இல்லை என்று அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் இதழில் எழுதினார். காதுக்குள் செருகுவது, காதின் மேல் வைப்பது, காதை முழுதாக மூடுவது என மூன்று வகையும் அதில் உண்டு. விலை வேறு எங்கெல்லாமோ போகிறது. உலோக உடம்பு, கழற்றி மாட்டுகிற வயர், பெட்டி, விளம்பரம். கழற்றுகிற வயருக்கு மட்டும் நான் காசு கொடுப்பேன், ஏனென்றால் மலிவான ஹெட்செட் சாவது பெரும்பாலும் ஜாக் பக்கத்தில் வயர் அறுந்துதான். இரண்டு முள் வைத்த வயர் என்றால் வேறு வாங்கி மாட்டிக்கொள்ளலாம்.

பெட்டியில் போட்டிருக்கிற '20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை' என்பதில் ஒன்றுமே இல்லை. அந்த எல்லைக்குள் எங்கே எத்தனை டெசிபெல் ஏறி இறங்குகிறது என்று சொல்லாதவரை அது எல்லா ஹெட்செட்டுக்கும் பொருந்தும். 'பத்து மில்லிமீட்டர் டிரைவர்', 'நான்கு டிரைவர்' என்பதும் அப்படித்தான் (டிரைவர் என்றால் உள்ளே சத்தம் எழுப்புகிற குட்டி ஸ்பீக்கர்), நான்கு பேர் பாடினால் நல்ல பாட்டு என்று யாராவது சொல்வார்களா? சேர்ந்து பாட வேண்டும். ஒரே டிரைவரை ஒழுங்காகச் சுருதி சேர்த்தது, மூன்று டிரைவர் வைத்து முட்டிக்கொள்வதைவிட மேல்.

வயர் இல்லாத பட்ஸ் பற்றிக் கேட்பீர்கள். அதே விலையில் பேட்டரி, சிப், மைக், சார்ஜ் ஆகிற டப்பா எல்லாவற்றுக்கும் காசு போவதால், ஒலிக்கு மட்டும் பார்த்தால் வயர் வைத்ததுதான் லாபம். போனில் ஜாக் இல்லையென்றால் டைப் சி கன்வெர்ட்டர் ஒன்று போதும். பட்ஸில் ப்ளூடூத் வழியாகப் பாட்டை அனுப்புகிற முறை ஏஏசியா எஸ்பிசியா என்று அலட்டிக்கொள்ள வேண்டாம், இந்த விலையில் சுருதி சேர்த்த விதம்தான் காதில் விழும்.

இன்னொரு விஷயத்தில் எனக்கு நிறையப் பேரோடு கருத்து வேறுபாடு உண்டு. 'நூறு மணி நேரம் ஓட விட்டால் ஒலி நன்றாகிவிடும்' என்கிறார்கள். நான் ஒரே மாதிரி இரண்டு வாங்கி, ஒன்றை மூன்று வாரம் இரவெல்லாம் ஓட விட்டு, இன்னொன்றைப் பெட்டியிலேயே வைத்துவிட்டுப் பிறகு ஒப்பிட்டேன். குடத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. பழகுவது நம் காது. அதற்காக ஒரு ஹெட்செட்டை ஐந்து நிமிடத்தில் ஒதுக்கவும் வேண்டாம், நான்கைந்து நாள் பழகுங்கள், பழகிய பிறகும் சீறல் சீறலாகவே இருந்தால் திருப்பி அனுப்புகிற தேதி முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.

சத்தம் பற்றி ஒரு வார்த்தை. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது, 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம். சத்தம் கூடக் கூட நேரம் வேகமாகக் குறையும். பேருந்தில் என்ஜினை மிஞ்ச வேண்டும் என்று வால்யூமை ஏற்றிக்கொண்டே போகிற பிள்ளைகளைத் தினம் பார்க்கிறேன், எதிர் சீட்டில் எனக்கே பாட்டு கேட்கிறது. சரியான ரப்பர் போட்டால் வெளிச்சத்தம் உள்ளே வருவது குறையும், பாதி வால்யூமே போதும். ரப்பரைப் பற்றி அவ்வளவு எழுதியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தத் தொள்ளாயிரம் ரூபாய் ஹெட்செட்டை அண்ணன் மகளிடம் கேட்டு வாங்கி மாமாவுக்கே கொடுத்துவிட்டேன், அவளுக்கு அறுநூறு போய்ச் சேர்ந்தது. ஒத்திகைப் பதிவு முழுவதையும் மாமாவின் போனில் ஏற்றிக் கொடுத்தேன். இரண்டு வாரம் ஒரு பேச்சும் இல்லை. அப்புறம் ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் வந்தது.

"மக்ளே, அந்த ஒத்திகையில முப்பத்தஞ்சாவது நிமிசம் ஒண்ணு கேட்டுப் பாரு. உடுக்கு முந்துது."

கேட்டேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. திரும்பப் போன் செய்து, "இல்லையே மாமா, சரியாத்தானே இருக்கு" என்றேன்.

"முந்துது மக்ளே. நான் பக்கத்துல இருந்து அடிச்சப்போ எனக்கே தெரியல, குடத்துச் சத்தத்துல அது காதுல விழாது. இப்போ இதுல தனியாக் கேக்கு. நாலு வருசமா அந்த எடத்துல அவன் முந்திட்டு இருக்கான், நான் அவனுக்காக இழுத்துப் புடிச்சுட்டு இருக்கேன் போல." பிறகு, வர்ற ஞாயிற்றுக்கிழமை உடுக்குக்காரரை வீட்டுக்கு வரச் சொல்லியிருப்பதாகவும், அந்த ஹெட்செட்டோடு வந்த சின்ன ரப்பர் தேடினால் கிடைக்குமா, அவருக்குக் காது கொஞ்சம் சிறியது என்றும் கேட்டார்.